ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார், அதைச் சட்டமாக்குவது யார்?

அசாம் ஜாவாவிலிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அந்தக் குலைகளைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய் எந்த நாட்டுக்கு எவ்வளவு வரியோடு போகும் என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்வதில்லை. நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. மலேசியச் செம்பனை எண்ணெய்க்கு 12 விழுக்காடு வரை இருந்த இறக்குமதி வரியை நீக்க பிரிட்டன் ஒப்புக்கொண்டது. சிபிடிபிபி எனப்படும் பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தத்தில் அந்நாடு சேர்ந்ததுதான் காரணம். 2024 டிசம்பர் 15 முதல் அந்த ஏற்பாடு நடப்புக்கு வந்தது.

அதே ஒப்பந்தத்தில் தொழிலாளர் பற்றிய அத்தியாயமும் இருக்கிறது. கட்டாய உழைப்பு கூடாது, சங்கம் அமைக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆக, எண்ணெயின் சந்தையும் அதை உண்டாக்கும் தொழிலாளியின் உரிமையும் ஒரே ஆவணத்தில் அடங்கிவிட்டன. அப்படிப்பட்ட ஓர் ஆவணத்தை ஏற்கும் முன் கோல சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினரும் மற்ற உறுப்பினர்களும் வாக்களித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

இல்லை. மலேசியாவில் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்றை ஏற்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. அது அமைச்சரவையின் அதிகாரம். ஆனால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவர் நம் நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோர வேண்டுமென்றால், நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியிருக்க வேண்டும். கையெழுத்து ஒரு கதவு, சட்டம் இன்னொரு கதவு. முதல் கதவு திறந்து இரண்டாவது மூடிக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சிலாங்கூரிலேயே ஒரு வழக்கு உண்டு. அதற்கு முன், இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கோட்டை இருந்த காலமும் கூட்டரசுக் காலமும்

ஒரு காலத்தில் சிலாங்கூரே தன் பெயரில் ஒப்பந்தம் செய்துகொண்டது. டச்சுக்காரர்கள் 1784-இல் புக்கிட் மெலாவத்தி கோட்டையைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். கடல் வழியை டச்சுக் கப்பல்கள் மறித்ததால், 1786-இல் அவர் அவர்களோடு ஒப்பந்தம் செய்ய வேண்டி வந்தது. 1825-இல் பினாங்கிலிருந்து வந்த ஆங்கிலத் தூதர் ஜான் அண்டர்சனோடு சிலாங்கூர் செய்த ஒப்பந்தம், பேராக்கிற்கும் சிலாங்கூருக்கும் இடையே பெர்ணம் ஆற்றை எல்லையாக வைத்தது. சபாக் பெர்ணம் பக்கத்தில் வசிப்பவர்கள் இன்றும் அந்த எல்லையோரத்தில்தான் இருக்கிறார்கள். அன்று ஆட்சியாளரின் முத்திரையே ஒப்பந்தம். யாரும் யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை.

இன்று சிலாங்கூர் அரசோ மந்திரி புசாரோ வேறொரு நாட்டோடு அப்படி ஒப்பந்தம் செய்ய முடியாது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் கூட்டரசுப் பட்டியலின் முதல் இனமே வெளியுறவுதான். பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்வதும் அதை நிறைவேற்றுவதும் அதில் அடங்கும். 39ஆவது விதியின்படி ஆட்சி அதிகாரம் மாமன்னரிடம் உள்ளது. அதை அவரோ அமைச்சரவையோ செயல்படுத்தலாம். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே மாமன்னர் செயல்பட வேண்டும் என்பது 40ஆவது விதி. நாடாளுமன்றம் எந்த விவகாரத்தில் சட்டம் இயற்றலாமோ, அந்த விவகாரம் வரைக்கும் கூட்டரசின் ஆட்சி அதிகாரமும் நீளும் என்கிறது 80ஆவது விதி. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் அமைச்சரவையிடம் வந்து நிற்கிறது. "ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் ஏற்க வேண்டும்" என்று ஒரு வரியும் அரசமைப்பில் இல்லை.

இது பிரிட்டனிடமிருந்து வந்த பழக்கம். அங்கேகூட 2010-இல் சட்டம் மாறிவிட்டது. ஒப்பந்தத்தை ஏற்கும் முன் 21 அமர்வு நாட்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பது இப்போது அங்கே பொது விதி. அமெரிக்காவில் மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம் நாட்டிலோ பழைய பழக்கம் அப்படியே நிற்கிறது.

மலேசியா பிறக்க இரண்டு நாள் இருக்கையில்

இந்த அதிகாரம் ஒருமுறை நீதிமன்றத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1963 ஜூலை 9-ஆம் நாள் லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மலாயா, பிரிட்டன், சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ ஆகியவை அதில் பங்கு பெற்றன. அதை நிறைவேற்ற மலாயா நாடாளுமன்றம் ஆகஸ்டு மாதம் மலேசியச் சட்டத்தை இயற்றியது. செப்டம்பர் 16-இல் புதிய நாடு பிறக்க வேண்டும்.

செப்டம்பர் 10-ஆம் நாள் கிளந்தான் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 1957-இல் சுல்தான்கள் சேர்ந்து உருவாக்கிய கூட்டரசை, கிளந்தானின் சம்மதம் கேட்காமல் வேறொன்றாக மாற்ற முடியாது. கிளந்தான் சுல்தானையும் ஒரு தரப்பாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

தலைமை நீதிபதி தாம்சன் செப்டம்பர் 14-ஆம் நாள் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 39ஆவது விதியின்படி அமையும் ஆட்சி அதிகாரத்தின் செயல், அதற்குத் தனித்தனி மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை என்று கூறி கிளந்தானின் கோரிக்கையைத் தள்ளினார். இரண்டு நாள் கழித்து மலேசியா பிறந்தது. ஒப்பந்தம் பற்றிய சர்ச்சைகளில் இன்றளவும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்த ஆகஸ்டில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. லண்டனில் கையெழுத்தானதோடு வேலை முடிந்துவிடவில்லை. நாட்டின் அமைப்பே மாறுவதால் நாடாளுமன்றம் கூடி அரசமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு கதவும் திறந்த பிறகே மலேசியா உருவானது.

ஓர் ஒப்பந்தம் கடந்து வரும் படிகள்

பேச்சு வார்த்தை அந்தந்த அமைச்சின் பொறுப்பு. தொழிலாளர் உடன்படிக்கை என்றால் மனிதவள அமைச்சு, வாணிபம் என்றால் வாணிப அமைச்சு. வாசகம் உருவானதும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைப் பார்க்கும். நம் சட்டங்களில் எதைத் திருத்த வேண்டியிருக்கும் என்று அங்கே கணக்கெடுப்பார்கள். விஸ்மா புத்ராவின் கருத்தும் சேர்ந்து அமைச்சரவைக்குப் போகும். அமைச்சரவை இசைந்தால் கையெழுத்து. நாட்டின் தலைவர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகியோர் நேராகக் கையெழுத்திடலாம். வேறு யாராவது கையெழுத்திட வேண்டுமென்றால் அவர் கையில் அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும். இது 1969-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்த விதிமுறை. மலேசியா 1994-இல் அதில் இணைந்தது.

பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்து முடிவல்ல. ஏற்பு ஆவணம் என்று இன்னொன்றை ஒப்படைத்த பிறகே நாடு கட்டுப்படும். இடையில் ஆண்டுகள் ஓடலாம். அந்த இடைவெளியில்தான் நாட்டுச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்பது ஒழுங்கான முறை. அந்த ஒழுங்கு எப்போதும் காப்பாற்றப்பட்டதில்லை.

நிலம், இஸ்லாமியச் சட்டம் போன்றவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநில விவகாரத்திலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 76ஆவது விதி இடம் தருகிறது. அதற்கு இரண்டு வேலிகள் உண்டு. இஸ்லாமியச் சட்டத்தையும் மலாய்க்காரர் வழக்கத்தையும், சபா சரவாக் பூர்வகுடி வழக்கத்தையும் தொடக்கூடாது. சம்பந்தப்பட்ட மாநில அரசைக் கலந்து பேசாமல் மசோதா கொண்டுவரக் கூடாது.

ஆசிரியை வேலையும் ஒரு தீர்ப்பும்

இனி அந்த சிலாங்கூர் வழக்கு. 2009-இல் உலு லங்காட் மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. அவர் கர்ப்பிணி என்று தெரிந்ததும் அந்த வேலை திரும்பப் பெறப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சிடோ என்ற ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா 1995-இல் இணைந்திருந்தது. 2001-இல் அரசமைப்பின் 8ஆவது விதியிலும் பாலினம் என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011-இல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பாலினப் பாகுபாடு, நாடு ஏற்றுக்கொண்ட சிடோவை நீதிமன்றம் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது. பெண்கள் அமைப்புகள் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடின.

மூன்றே ஆண்டில் காற்று திசை மாறியது. பயிற்சிக் காலத்தில் கர்ப்பமானால் ஒப்பந்தம் முறியும் என்ற நிபந்தனையை எதிர்த்து, விமான நிறுவனப் பயிற்சியாளர் ஒருவர் போராடிய வழக்கு 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. சிடோவில் நாடு இணைந்திருக்கலாம். ஆனால் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை, ஆகவே அது இந்நாட்டில் சட்ட வலு உடையதல்ல என்று நீதிமன்றம் கூறியது. நிபந்தனை செல்லும் என்றது.

இதோடு 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசமைப்பின் 8ஆவது விதி அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. அப்படியென்றால் தனியார் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நிலை என்ன? ஒப்பந்தம் இருக்கிறது, நாடு அதில் இணைந்தும் இருக்கிறது. ஆனால் அதை நீட்டிக் கேட்க அவருக்கு நீதிமன்றத்தில் இடமில்லை.

அந்த இடம் 2023 ஜனவரி 1-ஆம் நாள்தான் கிடைத்தது. அன்று நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 41ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. கர்ப்பிணியை, அல்லது கர்ப்பத்தால் நோயுற்றவரை, வேலையிலிருந்து நீக்குவது குற்றம். ஒப்பந்த மீறல், ஒழுங்கு மீறல், நிறுவனம் மூடப்படுதல் ஆகியவை மட்டும் விலக்கு. நீக்கியதற்குக் காரணம் கர்ப்பம் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. அதே திருத்தத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆகக் குறைந்தது. கட்டாய உழைப்பு 90பி பிரிவின் கீழ் குற்றமாக்கப்பட்டது.

சிபிடிபிபி ஒப்பந்தத்துக்கான ஏற்பு ஆவணத்தை மலேசியா 2022 செப்டம்பர் 30-இல் ஒப்படைத்தது. அதே ஆண்டில்தான் இந்தத் திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிலாளர் அத்தியாயத்துக்கு ஏற்பச் சட்டங்களைச் சீர்செய்ய வேண்டிய நெருக்குதல் இருந்தது. 1995-இல் மனித உரிமைக்காக இணைந்த ஒப்பந்தம் 27 ஆண்டுகளில் கொண்டுவராததை வாணிப ஒப்பந்தம் ஒன்று தள்ளிக் கொண்டுவந்தது என்றால் அது மிகையல்ல.

வாக்கெடுப்பு நடந்த ஒரு தடவை

சட்டப்படி தேவையில்லை என்றாலும் அரசாங்கம் தானாகவே நாடாளுமன்றத்தை நாடிய தருணம் உண்டு. சிபிடிபிபிக்கு முன்னோடியான டிபிபிஏ ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் இருந்தது. மருந்து விலை, உள்ளூர் வணிகம் என்று பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப்பின் அரசாங்கம் 2016 ஜனவரி இறுதியில் மக்களவையைச் சிறப்பாகக் கூட்டி விவாதிக்க வைத்தது. 127 பேர் ஆதரித்தனர், 84 பேர் எதிர்த்தனர். பிப்ரவரி 4-இல் ஆக்லாந்தில் கையெழுத்தானது. மறு ஆண்டு அமெரிக்கா விலகிக்கொள்ள, மீதி 11 நாடுகள் 2018 மார்ச்சில் சிபிடிபிபியில் கையெழுத்திட்டன.

அந்த 2016 விவாதம் ஒரு நல்ல முன்மாதிரி. ஆனால் முன்மாதிரி சட்டமாகாது. அடுத்து வரும் அரசாங்கம் அதைப் பின்பற்றலாம், விடலாம்.

நாடாளுமன்றம் தடுக்காததை வீதியும் அரண்மனைகளும் தடுத்த கதையும் உண்டு. துன் மகாதீர் 2018 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் பேசுகையில், மீதமுள்ள மனித உரிமை ஒப்பந்தங்களை மலேசியா ஏற்கும் என்றார். அவற்றுள் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐசெர்ட் ஒப்பந்தமும் ஒன்று. 153ஆவது விதிக்கு ஆபத்து என்ற குரல் ஓங்கியது. நவம்பர் 23-இல் அதை ஏற்கப்போவதில்லை என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. அதன் பிறகும் டிசம்பர் 8-இல் தலைநகரில் பெரும் பேரணி நடந்தது.

ரோம் சாசனம் ஒரு படி மேலே போய்த் திரும்பியது. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய அந்தச் சாசனத்தில் 2019 மார்ச் 4-இல் மலேசியா இணைந்தது. மாமன்னரின் நிலைக்கு அது பாதகமாகலாம் என்ற வாதம் கிளம்பியது. ஏப்ரல் 5-ஆம் நாள் விலகல் அறிவிப்பு வந்தது. அம்மாத இறுதியில் விலகல் கடிதமும் போனது. ஜூன் 1-இல் நடப்புக்கு வரவேண்டிய இணைவு அதோடு முடிந்தது. இணைவதற்கு நாடாளுமன்ற வாக்கு தேவைப்படவில்லை, விலகுவதற்கும் தேவைப்படவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் நடந்தது

தோட்ட மக்களின் வாழ்க்கையை ஓர் ஒப்பந்தம் எந்த அளவுக்குப் புரட்டிப் போடும் என்பதற்கு நம் வீட்டுக் கதை போன்ற ஓர் உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புது டில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். குடியுரிமை இல்லாதிருந்த சுமார் 9 லட்சத்து 75 ஆயிரம் மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மீதிப் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

யார் எந்த நாட்டில் வாழ வேண்டும் என்று அந்த மக்களிடம் முதலில் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. எண்ணிக்கை முதலில் வந்தது, மனிதர்கள் பிறகு வந்தார்கள். அங்கும் கையெழுத்து மட்டும் போதவில்லை. நிறைவேற்றுவதற்கு இலங்கை நாடாளுமன்றம் 1967-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. இரண்டாவது கதவில் நின்று விவாதிப்பவருக்கு முதல் கதவில் பேசியதை மாற்றும் வலு குறைவு.

சிவப்பு அடையாள அட்டையும் ஒரு விலக்கும்

ஒப்பந்தத்தில் இணையும் நாடு, "இந்தப் பிரிவு மட்டும் எங்களைக் கட்டாது" என்று எழுதிக் கொடுக்கலாம். இந்த விலக்கைப் பற்றி நாளேடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. நம் சமூகத்துக்கு அது நெருக்கமான விஷயம். குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995-இல் இணைந்தது. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. ஆனால் பிறப்புப் பதிவும் குடியுரிமை பெறும் உரிமையும் சொல்லும் 7ஆவது பிரிவுக்கு மலேசியா விலக்கு எழுதியிருந்தது. 2010-இல் வேறு சில விலக்குகளை மீட்டுக்கொண்டபோதும் இதை மீட்கவில்லை.

பிறப்புப் பத்திரம் தாமதமாக எடுத்ததால், பெற்றோரின் திருமணம் பதிவாகாததால், தோட்டம் மூடியபோது தாள்கள் தொலைந்ததால் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்பவர்களை வட சிலாங்கூர் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். "மலேசியா குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதே" என்று அவர்கள் வாதாட முடியாது. அவர்களுடைய வழக்கு அரசமைப்பின் குடியுரிமை விதிகளையும் இரண்டாவது அட்டவணையையும் நம்பியே நடக்க வேண்டும். விண்ணப்பம் எழுத உதவுகிறவர்கள் ஐ.நா. பெயரைப் போடுவதைவிட அந்த விதியின் எண்ணைச் சரியாகப் போடுவது பயன் தரும்.

சங்கம் எங்கே நுழையலாம்

தொழிலாளர் உடன்படிக்கைகளில் மட்டும் சாதாரணத் தொழிலாளிக்கு ஒரு பக்கவழி உண்டு. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்பு பற்றிய 29ஆவது உடன்படிக்கையை 1957-இலும், கூட்டுப் பேரம் பற்றிய 98ஆவது உடன்படிக்கையை 1961-இலும் மலேசியா ஏற்றது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆவது உடன்படிக்கையை நெடுங்காலமாக ஏற்காமலே இருந்து வந்திருக்கிறது. என்றாலும் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்து, ஒரே தொழிலில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களுக்கு வழி விட்டது.

ஏற்ற உடன்படிக்கைகளை எப்படி நிறைவேற்றுகிறோம் என்று அரசாங்கம் ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் நகலை முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய இரு தரப்பு அமைப்புகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் சாசனம். தொழிலாளர் தரப்பு தன் கருத்தைத் தனியாக எழுதி அனுப்பலாம். தோட்டத்தில் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தல், மிகை நேர ஊதியத்தை மறுத்தல் போன்றவை நடந்தால் நாள், இடம், எண்ணிக்கையோடு சங்கக் கிளை எழுதித் தரும் குறிப்பு அந்தக் கருத்தில் சேரலாம். 87ஆவது உடன்படிக்கையை ஏற்காத நாட்டின் மீதும் சங்க உரிமை மறுக்கப்பட்டதாக அங்குள்ள சங்கச் சுதந்திரக் குழுவிடம் தொழிற்சங்கம் புகார் கொடுக்கலாம். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை.